ஜானரை முதலில் முடிவு செய்வதா, போகிற போக்கில் விடுவதா?

ஜானர், அதாவது இசையின் வகை, என்ற விஷயத்தில் எலெக்ட்ரானிக் இசை செய்பவர்களில் இரண்டு கட்சி உண்டு. ஒரு கட்சி, ப்ராஜெக்டைத் திறக்கும்போதே "இது டெக்னோ, 132 பிபிஎம்" என்று முடிவு கட்டிவிடும் (பிபிஎம் என்பது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகக் கணக்கு). இன்னொரு கட்சி ஏதாவது ஒரு சின்தைத் (மின்னணு ஒலியை உருவாக்கும் கருவி) திறந்து, கை போகிற போக்கில் வாசித்து, காதுக்குப் பிடித்ததைப் பிடித்துக்கொண்டு மேலே போகும். முடிந்த பிறகு அது எந்த ஜானர் என்பதைக் கேட்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்பார்கள். நான் ரொம்பக் காலம் இரண்டாவது கட்சியில் இருந்துவிட்டு முதலாவதுக்கு வந்தவன். எனவே இதை நடுநிலையான அலசலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஜானர் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்க ரெஃபரன்ஸ் ட்ராக் எடுப்பது சுலபம், சாம்பிள் (பதிவு செய்த ஒலித்துண்டு) தேடும் நேரம் குறையும், டிஜேக்களிடம் கொடுப்பதும் எளிது. சும்மா தொடங்கினால் மனம் இலகுவாக இருக்கும், எதிர்பாராத ஒலிகள் கிடைக்கும். இரண்டும் உண்மைதான். ஆனால் இவற்றை வைத்து யாரும் கட்சி மாற மாட்டார்கள்.

என்னை மாற வைத்தது ஒரே விஷயம்: பாதி வழியில் ஜானர் மாறினால், அதுவரை செய்ததில் எவ்வளவு மிஞ்சும்?

கிக்கையும் (தாளத்தின் கனமான ட்ரம் அடி) பேஸையும் (அடித்தளத்தில் ஓடும் தாழ்ந்த ஒலி) எடுத்துக்கொள்ளுங்கள். 124 பிபிஎம்மில் ஒரு ஹவுஸ் பீட். ஒரு கிக்குக்கும் அடுத்த கிக்குக்கும் இடையே சுமார் 484 மில்லிசெகண்ட் இருக்கிறது. பேஸ் அந்த இடைவெளியின் நடுவில், அதாவது 242 மில்லிசெகண்டில் வந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கிக்கின் வால் 200 மில்லிசெகண்ட் நீண்டாலும் பரவாயில்லை. தடித்த, உருண்டையான கிக்கைத் தாராளமாகப் போடலாம். இதே யோசனை சைட்ரான்ஸ் என்ற வேகமான ஜானர் பக்கம் திரும்புகிறது என்றால் கதை வேறு. 145 பிபிஎம்மில், கிக் விழுந்த அடுத்த பதினாறாம் பங்கிலேயே (ஓர் அடியின் கால் பகுதி) பேஸ் தொடங்கிவிடும். அந்த இடைவெளி வெறும் 103 மில்லிசெகண்ட். பழைய கிக்கின் வால் பேஸின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், அடியில் எல்லாம் சேறாகும். கிக்கை மாற்றியே ஆக வேண்டும். கிக் மாறினால் பேஸின் தொடக்கத்தைச் சீவ வேண்டும். அப்புறம் சைட்செயினின் (கிக் விழும்போது பேஸைத் தாழ்த்தும் ஏற்பாடு) ரிலீஸ் நேரம், அதற்குப் பிறகு ஈக்யூ, அதாவது அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது. மிக்ஸின் அஸ்திவாரத்தையே தோண்டிப் போட்டாகிவிட்டது. டெம்போ எண்ணைத் திருத்தியது ஒரு நொடி வேலை; அதன் பின்னால் வந்தது முழு நாள் வேலை.

ஆடியோவாக மாற்றி வைத்தவை இன்னும் பிடிவாதமானவை. மிடி நோட்டுகள் (ஒலியாக இல்லாமல் வாசிப்பின் குறிப்பாக மட்டும் இருப்பவை) டெம்போ கூடினால் கூடவே ஓடிவரும். ஆனால் 124-ல் பதிவு செய்த குரலை ட்ரம் அண்ட் பேஸின் 174-க்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அதை 40 சதவீதம் வேகப்படுத்த வேண்டும். பாதி வேகமான 87-ல் உட்கார வைக்கலாம் என்று நினைத்தால், அது 30 சதவீதம் மெதுவாக்குவது. எந்தப் பக்கம் போனாலும் நீட்டிச் சுருக்கிய தடம் காதில் விழும். வல்லெழுத்துகள் குழையும், ட்ரம் அடிகளின் முனை மழுங்கும். டெம்போவோடு பிணைத்த டிலே (எதிரொலி) என்றால் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அந்த டிலேயோடு சேர்த்து ஆடியோவாக்கிய லூப்பில் எதிரொலிகள் பழைய இடைவெளியிலேயே நிற்கும். கராஜ் என்ற ஜானருக்குத் தேவையான ஸ்விங்கும் (அடிகள் சற்றுத் தள்ளி விழும் அசைவு) இப்படித்தான். நேர்கோட்டில் வெட்டிய ட்ரம் லூப்பில் அதைப் பின்னால் புகுத்துவது ஒவ்வொரு அடியையும் தனித்தனியாக வெட்டி நகர்த்தும் வேலை.

சுருதியும் இதில் சேரும், இதைப் பலர் யோசிப்பதில்லை. அடித்தள பேஸ் 'எஃப்' நோட்டில் இருந்தால் 43.7 ஹெர்ட்ஸ், 'ஜி' என்றால் 49. பெரிய ஸ்பீக்கர்களில் நெஞ்சில் வந்து இடிக்கும் பகுதி இதுதான். கை போன போக்கில் 'சி'யில் வாசித்து முடித்திருந்தால், மூல நோட்டு ஒன்று 32.7 ஹெர்ட்ஸில் இருக்கும், இல்லையென்றால் 65.4-ல். முதலாவதைச் சிறிய ஸ்பீக்கர்கள் எடுக்கவே எடுக்காது. இரண்டாவதில் அந்த ஆழமான கனம் குறைந்துவிடும். நிதானமான, கேட்பதற்கான இசைக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆட வைக்கும் இசைக்கு, எட்டு மெலடிகளை அடுக்கிய பிறகு சுருதியை மாற்றுவது பெரிய தலைவலி.

அமைப்பு விஷயத்தில் அவ்வளவு நஷ்டம் இல்லை. 128 பிபிஎம்மில் 32 பார் (ஒரு பார் என்றால் நான்கு அடி) என்பது சரியாக ஒரு நிமிடம். டிஜே கலக்குவதற்கான அறிமுகத்தை 16 அல்லது 32 பாருக்கு நீட்டுவதைக் கடைசியில்கூடச் செய்துகொள்ளலாம்.

சரி, எதிர்க்கட்சியின் பலமான வாதத்துக்கு வருவோம். புது ஜானர்கள் எல்லாமே யாரும் திட்டமிடாமல் பிறந்தவைதானே என்பார்கள். ஆசிட் ஹவுஸைத்தான் உடனே உதாரணம் காட்டுவார்கள். பேஸ் கிட்டாருக்கு மாற்றாக ரோலண்ட் நிறுவனம் விற்ற டிபி-303 என்ற சின்த், 1984-லேயே தயாரிப்பு நின்றுபோன கருவி. சில வருடங்களில் சிகாகோ இளைஞர்கள் அதன் குமிழ்களை முறுக்கி முறுக்கி, அந்தக் கருவிக்கு யாரும் நினைத்துப் பார்க்காத குரலை எடுத்தார்கள். உண்மை. ஆனால் அந்தக் குரலுக்கு அடியில் என்ன ஓடியது என்று கவனியுங்கள்: நான்கு அடிக்கு நான்கு கிக், ஆடுபவர்களுக்குப் பழகிய ஹவுஸ் வேகம், நீளமான ஒரே சீரான ஓட்டம். சட்டகம் முழுக்க முடிவாகியிருந்தது, விநோதம் ஒரே இடத்தில்தான்.

மும்பை இசைக்கலைஞர் சரண்ஜித் சிங்கின் கதை இதைவிடத் தெளிவு. 1982-ல் டிபி-303-ஐயும் டிஆர்-808 ட்ரம் மெஷினையும் வைத்து அவர் செய்த இசையை இப்போது கேட்கும் பலருக்கு ஆசிட் ஹவுஸ்தான் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் அப்போது பிறக்கவே இல்லை. ஜானரே இல்லாமல் எட்டிய இடம் என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிஸ்கோ பீட்டின் மேல் ராகங்கள் என்பதை அவர் முன்கூட்டியே முடிவு செய்துதான் இறங்கினார். அந்த முடிவு கச்சிதமாக இருந்ததால்தான், மற்ற எதிலும் தயங்காமல் போக முடிந்தது என்று நினைக்கிறேன்.

திட்டமிடுவதில் ஒரு நிஜமான ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். ஜானரின் பெயரைத் தேடி, அந்தப் பெயர் போட்ட சாம்பிள் பேக்கை இறக்கி, அதே பெயர் போட்ட ப்ரீசெட்டை (முன்பே அமைத்து வைத்த சின்த் ஒலி) எடுத்து அடுக்கினால் ஏற்கெனவே ஆயிரம் முறை கேட்ட ட்ராக் மறுபடி ஒன்று வரும். அதனால் நான் முடிவு செய்வது பெயரை அல்ல. டெம்போ, கிக்கும் ஸ்நேரும் (கூர்மையான ட்ரம் அடி) விழும் இடம், பேஸ் கிக்கோடு பேசும் விதம், சுருதி, இவ்வளவுதான். 140 பிபிஎம்மில் ஸ்நேர் மூன்றாம் அடியில் மட்டும் விழுந்தால் 70 போல நடக்கும், அதுதான் டப்ஸ்டெப்பின் நடை. அதே 140-ல் ஒவ்வொரு அடியிலும் கிக் வைத்தால் ட்ரான்ஸுக்கோ வேகமான டெக்னோவுக்கோ நெருக்கமாகப் போய்விடும். இந்த நான்கையும் பூட்டிவிட்டு, மேலே வரும் ஒலிகளில் எந்த விதியையும் மீறலாம். கூடவே, இந்த ட்ராக்கில் எந்த ஒரு வழக்கத்தை உடைக்கப் போகிறேன் என்பதையும் தொடக்கத்திலேயே குறித்துக்கொள்கிறேன்.

ஆம்பியன்ட் (சூழல்போலப் பரவும் நிதானமான இசை) செய்பவர்களுக்கு இந்த வாதம் எவ்வளவு பொருந்தும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அங்கே கிக் இல்லை, பார் கணக்கு பெரும்பாலும் இல்லை; பாதி வழியில் திசை மாறுவதால் இடிய வேண்டிய சுவரும் இல்லை. நான் அதில் கொஞ்சமாகத்தான் செய்திருக்கிறேன், செய்த அளவில் திட்டம் இல்லாமலே நன்றாகப் போனது. காட்சிக்குப் பின்னணி இசை செய்பவர்களுக்கும் காட்சியே சட்டகம். அவர்கள் கணக்கு வேறு. இசை மென்பொருளை இப்போதுதான் திறந்திருப்பவர்களும் கொஞ்ச காலம் இஷ்டத்துக்கு வாசிக்கட்டும், எது பிடிக்கிறது என்றே தெரியாமல் எதை முடிவு செய்வது?

திட்டமில்லாத வாசிப்பை நானும் முழுக்க விட்டுவிடவில்லை, அதற்குத் தனி ப்ராஜெக்ட் வைத்திருக்கிறேன். அங்கே ட்ரம் போடுவதில்லை, அடுக்குவதில்லை, மிக்ஸ் செய்வதில்லை. பிடித்தது கிடைத்தால் மிடியாகவும் சின்த் ப்ரீசெட்டாகவும் மட்டும் சேமிக்கிறேன், ஆடியோவாக்குவதே இல்லை. அது 124-க்குப் போக வேண்டியதா 174-க்குப் போக வேண்டியதா என்பது பிறகு முடிவாகும்போது, எந்த வேகத்துக்கும் எந்தச் சுருதிக்கும் அப்படியே நகர்த்தலாம்.