ஆத்தா கேட்டால் அத்தா வந்தது: சிங்கப்பூர் தேக்காவில் ஒரு குவளைக் கடை

குவளை நன்றாகவே இருக்கிறது. வெள்ளைப் பீங்கான், நாலு விரல் தாராளமாக நுழையும் கைப்பிடி, விலை 15 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). தினமும் தேய்த்துக் கழுவியும் எழுத்து மங்கவில்லை. பொருளைப் பற்றி அவ்வளவுதான். அதில் என்ன அச்சடிப்பது என்பதுதான் பெரிய கதை.

அன்னையர் தினம் மே மாத இரண்டாம் ஞாயிறு. அதற்காக எங்கள் நடைக்குழுத் தோழிகள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தோம். சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கும் சின்னக் கடை. மற்ற இடங்களில் ‘அன்பு அன்னைக்கு’ என்று ரோஜாப்பூவோடு தயாராக வைத்திருப்பார்கள். பெற்றவளை அன்னை என்று யார் வீட்டில் கூப்பிடுகிறார்கள்? இந்தக் கடைத் தம்பி, “நேர்ல எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டார். அங்கேயே எனக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் வந்த பதில்களுக்கு அவர் தயாராக இல்லை. முக்காடு போட்ட தோழியைப் பார்த்ததும் கேட்காமலேயே ‘உம்மா’ என்று எழுதப் போனார். அவர்கள் ராவுத்தர் குடும்பம், பூர்வீகம் உத்தமபாளையம். “எங்க வீட்ல அம்மாதான் தம்பி. அப்பாதான் அத்தா. உம்மா, வாப்பா எல்லாம் காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம்” என்று பொறுமையாகப் பாடம் எடுத்தார்.

அடுத்தவர் காரைக்குடி நகரத்தார். அலமாரியில் நரைத்த கொண்டைப் பாட்டி படத்தோடு ‘ஆச்சி’ என்று ஒரு மாதிரிக் குவளை இருந்தது. திருநெல்வேலிக்காரர்களுக்கு அது சரி. இவருக்கோ ஆச்சி என்றால் அக்கா. “எங்கக்கா பார்த்தா கொன்னுடுவா” என்று சிரித்தார். அவர் வீட்டில் அம்மா ஆத்தா, அம்மாவைப் பெற்றவள் ஆயா. அதே ஆயா சென்னையில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்.

‘ஆத்தா’ என்பதை அவர் போனில்தான் சொன்னார். வாங்கப் போனபோது ‘அத்தா’ என்று பளபளவென்று நின்றது! ஒரு சுழி குறைந்ததில் அம்மா அப்பாவாகிவிட்டார். தம்பி முகம் வாடிப்போய் வேறு குவளை காசில்லாமல் போட்டுத் தந்தார், அது நல்ல குணம். தப்பாக வந்ததை ராவுத்தர் தோழி விடவில்லை. “ஜூன்ல தந்தையர் தினம் வருதுல்ல, எங்க அத்தாவுக்கு ஆச்சு” என்று பாதி விலைக்குப் பேசி வாங்கிக்கொண்டார்.

நான் கேட்டது ‘எம்மோவ்’. அம்மாவுக்கு வேலூர்ப் பக்கம். சின்ன வயதில் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நின்றுகொண்டு மூன்றாம் மாடிக்கு நான் கத்தியது அதுதான். வீட்டுக்குள் வெறும் ‘மா’. தமிழுக்குப் பழகாத வடிவமைப்பு மென்பொருளில் ‘மோ’ மூன்று துண்டாகி, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அச்சடிப்பதற்கு முன் திரையில் காட்டினார்கள். என் கைப்பேசியில் தட்டி, அதைப் படமாக அனுப்பியதும் சரியாக வந்தது.

மகள் எனக்கு எடுத்ததில் ‘மம்மி’. பள்ளித் தோழிகள் முன்னால் நான் மம்மி, பசித்தால் அம்மா. அவளையும் அந்தத் தம்பி “என்னம்மா வேணும்?” என்றுதான் கேட்டார். பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கும் அவளைப் பெற்றவளுக்கும் ஒரே ‘ம்மா’, அதில் யாருக்கும் குழப்பமே வரவில்லை.

இந்தக் கடைக்குப் போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் போனில் சொல்லாதீர்கள். தமிழில் தட்டி வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அச்சுக்கு முன் படம் கேளுங்கள். கடைசி வாரத்தில் கூட்டம் நெரியும். தங்க எழுத்துக்கு 4 வெள்ளி கூடுதல், அதை மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் சாதாரணக் கறுப்பே போதும்.