காற்றடைத்த குட்டி வாட்டர் ஸ்கீ: சில கோடைகளுக்குப் பிறகு

செப்டம்பர் வந்தால் அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் மினசோட்டா மாநிலத்துக் கடைகளில் ஏரிச் சாமான்களின் விலை இறங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டோடு ஒட்டிப் பழகும் ஒரு தங்கை போன் செய்தாள். "அண்ணா, உங்க பசங்க கத்துக்கிட்டாங்களே, அந்தக் காத்தடிச்ச ஸ்கீ, அது தள்ளுபடில வந்திருக்கு. பாப்பாவுக்கு அஞ்சு வயசாச்சு. வாங்கிடட்டுமா?" போனில் பாதிதான் சொல்ல முடிந்தது, மீதியை இங்கே எழுதுகிறேன். வாட்டர் ஸ்கீ என்பது படகு இழுக்க, தண்ணீர்மேல் நின்று சறுக்கிப் போகும் பலகை. இது அதில் குழந்தைகள் பழகுவதற்கான காற்றடைத்த வகை. கம்பெனிப் பெயர் வேண்டாம். இந்த வகைச் சாமான்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அமைப்புதான்: முன்னால் ஒன்றாகச் சேர்ந்த இரண்டு மிதவைகள், மேலே கால் வைக்கும் இடம், மூக்கில் கயிறு.

அந்தக் கயிற்றை யோசித்தவரைப் பாராட்டியே ஆக வேண்டும். சாதாரண ஸ்கீயில் படகின் இழுப்பு முழுவதும் பிடித்திருப்பவர் கைக்கு வரும். சின்னக் குழந்தையின் கைக்கு அந்த வலு கிடையாது. இதில் இழுவைக் கயிறு மிதவையின் மூக்கில் மாட்டுகிறது. குழந்தைக்குத் தனியாக ஒரு கைப்பிடி, அதுவும் மிதவையிலிருந்தே வருகிறது. மிதவை இழுபடும், குழந்தை அதன் மேல் நின்றால் போதும்.

கயிற்றின் மறுமுனை படகில் கட்டப்படுவதில்லை. பின்பக்கம் உட்கார்ந்திருக்கும் பெரியவர் கையில் பிடித்திருப்பார். குழந்தை சாய்ந்ததும் விட்டுவிடலாம், அந்த நொடியே இழுப்பு நின்றுவிடும். (கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.) மினசோட்டா சட்டப்படி இழுக்கும் படகில் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஆள் வேண்டும், இல்லாவிட்டால் அகலமான பின்பார்வைக் கண்ணாடியாவது வேண்டும். குழந்தையை இழுக்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பவே கூடாது என்பேன். பெரியவர்கள் இரட்டை ஸ்கீயில் மணிக்கு 20 மைலுக்கு மேல் போவார்கள். இந்த அகல மிதவையில் ஐந்து வயதுக்கு 8, 10 மைலே தாராளம். எங்கள் சின்னவன் முதன்முதலாக எழுந்து நின்று, ஒரு கையை எடுத்துக் கட்டைவிரலை மேலே காட்டி "இன்னும் வேகம்" என்றபோது, கயிறு பிடித்திருந்த என் கைக்கே அந்தத் துள்ளல் தெரிந்தது. அதற்காக இந்தச் சாமானுக்கு என்றைக்கும் நன்றி உண்டு.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கூடவே வரும் கயிறு குட்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். ஓடும் படகுக்கு 20 அடிக்குள் யாரும் தண்ணீரில் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்கக் கடலோரக் காவல்படை. படகு மெதுவாகப் போகும்போது எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு பின்புறமே தேங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டே எங்கள் பக்கத்தில் பிறந்தது. 1922 ஜூலையில், லேக் சிட்டி ஊரில், பெபின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் தண்ணீரில் நின்று காட்டினார். பீப்பாய்ப் பலகை, பனிச்சறுக்குக் கட்டை எல்லாம் மூழ்கிய பிறகு, நுனி வளைத்த நீளப் பலகைகளைச் செய்து, பின்னால் சாய்ந்து, நுனியைத் தண்ணீருக்கு மேலே வைத்தபோதுதான் எழ முடிந்தது. நுனி மேலே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தை. என் காற்றடைத்த ஸ்கீயின் மூக்கு மடங்குகிறது!

காரணம் எளிது. கராஜில் 30 டிகிரி வெயிலில் கல் மாதிரி காற்றடித்துக் கொண்டுபோகிறோம். ஜூன் மாத ஏரித் தண்ணீர் 18 டிகிரி. கார் டயரில் காற்றழுத்தம் 30 பிஎஸ்ஐக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் இருப்பதால் அரை பிஎஸ்ஐ குறைந்தாலும் தெரியாது. இதில் இருப்பதே 1 பிஎஸ்ஐயை ஒட்டித்தான். 12 டிகிரி குளிர்ந்தால், கணக்குப்படி பாதிக்கு மேல் போய்விடும். குழந்தை ஏறியதும் மூக்கு தொய்யும், தண்ணீரை வாரும், மிதவை முன்னால் முங்கும். அழுகை. பயந்த பிள்ளையை மறுபடி ஏற்றுவது எவ்வளவு பாடு என்று பெற்றவர்களுக்குத் தெரியும். ஆகவே கரையில் அடித்து, பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். அப்படி இறுக்கியதை மதிய வெயிலில் கரையில் போட்டால் உள்ளே காற்று விரியும். எனக்கு வால்வு ஓரத் தையலே விட்டுவிட்டது, இந்த வாரம்தான் ஒட்டு போட்டேன். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. குழந்தைகள் ஏறும் பொருளை விற்பவர்களுக்கு இது தெரியாதா?

மேலே போர்த்திய துணியுறை வேறு தண்ணீரைக் குடித்துக்கொள்கிறது. ஏரிக்கு ஏரி தொற்றிப் பரவும் ஸீப்ரா மஸல் என்ற சின்னச் சிப்பி மினடோங்கா ஏரிக்கு 2010இலேயே வந்துவிட்டது. அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஏரியில் நனைந்ததை இன்னொரு ஏரியில் இறக்குமுன் குறைந்தது ஐந்து நாள் காயவைக்கச் சொல்கிறார்கள். உறைக்குள் ஐந்து நாளிலும் ஈரம் போவதில்லை.

கைப்பிடியிலும் ஒரு சிக்கல். மிதவையோடு சேர்ந்தே இருப்பதால் அதைத் தன் பக்கம் இழுத்துச் சமாளிக்கக் குழந்தை பழகிவிடுகிறது. நிஜ ஸ்கீயில் எழும்போது அப்படி இழுத்தால் மல்லாந்து விழ வேண்டியதுதான். கையை நீட்டி, முழங்காலை மடக்கி எழுவதைப் பெரியவளுக்கு மறுபடி முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தோம்.

அதனால் தங்கச்சி, வாங்காதே. எவ்வளவு தள்ளுபடி என்றாலும் வேண்டாம். இரண்டு ஸ்கீயும் விலகாமல் குறுக்கே சட்டம் போட்ட குழந்தைகள் ஸ்கீ பழையதாகக் கிடைக்கும். அதன் நுனியிலும் இதே மாதிரி கயிறு மாட்டி, பெரியவர் கையில் பிடித்து இழுக்கலாம். சட்டத்தைப் பிறகு கழற்றிவிடலாம். முதலில் முழங்கால் ஆழத் தண்ணீரில் நீங்களே இழுத்துக்கொண்டு நடங்கள், படகு பிறகு. அதுவரைக்கும் பாப்பா ஆசைப்பட்டால் எங்களுடையதையே எடுத்துக்கொண்டு போ. பம்பு காரிலேயே இருக்கட்டும், திருப்பித் தரும்போது உறையைத் தனியாகக் கழற்றிக் காயவைத்துக் கொடு.