தேர்டு பார்ட்டியா, ஃபுல் கவரா, பம்பர் டு பம்பரா? கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

கார் இன்சூரன்ஸ் முடியப்போகிறது என்று போன் வந்ததும் மதுரைப் பக்கம் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "தேர்டு பார்ட்டி போட்டா எவ்வளவு, ஃபுல்லா போட்டா எவ்வளவு?" ஏஜென்ட் இரண்டு தொகை சொல்வார். பழைய கார் என்றால் குறைந்த தொகைக்குச் சம்மதம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். விபத்து நடந்தால் அந்தப் பாலிசி யாருக்குப் பணம் தரும், யாருக்குத் தராது என்று யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதுமில்லை. பிறருக்கு ஆகும் நஷ்டத்துக்கு மட்டுமான தேர்டு பார்ட்டி, நம் காரையும் சேர்த்துக்கொள்ளும் ஃபுல் கவர், அதிலேயே தேய்மானம் கழிக்காத பம்பர் டு பம்பர் என்ற மூன்று வகைப் பாலிசிகளையும் அந்தக் கேள்வியை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

சட்டம் கட்டாயப்படுத்துவது தேர்டு பார்ட்டியை மட்டும்தான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆவது பிரிவு அது. இல்லாமல் ஓட்டி மாட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 ரூபாய் அபராதம்; மூன்று மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். இன்சூரன்ஸ் இல்லாத கார் மோதி ஒருவர் இறந்துபோனால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் லட்சக்கணக்கான ரூபாயை ஆர்.சி. புக்கில் பெயர் உள்ளவர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்ட முடியாவிட்டால் வீடு, நிலம் ஜப்திக்குப் போகும்.

இந்தப் பிரீமியம் எந்தக் கம்பெனியில் போட்டாலும் ஒன்றுதான். அரசு நிர்ணயிக்கும் தொகை அது. 2022 ஜூன் 1 முதல் வந்த கட்டணப்படி 1,000 சிசிக்குள் இருக்கும் காருக்கு வருடம் 2,094 ரூபாய், 1,000 முதல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஸ்விஃப்ட், ஐ20 மாதிரி 1,197 சிசி கார் என்றால் வரியோடு சுமார் 4,031 ரூபாய் வரும். ஆகவே "எங்ககிட்ட தேர்டு பார்ட்டி சல்லிசு" என்று யாராவது சொன்னால், எதையோ கழற்றிவிட்டுத்தான் சொல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியாருக்கு என்ன கிடைக்கும்?

இந்த ஒரு விஷயத்தில் கட்டாயப் பாலிசி தாராளமானது. கோரிப்பாளையம் சிக்னலில் உங்கள் கார் ஒரு சைக்கிள்காரரை இடித்து அவருக்குக் கால் போனாலும், உயிரே போனாலும், இழப்பீட்டுக்கு உச்சவரம்பு கிடையாது. அவருடைய வயது, வருமானம், அவரை நம்பி வீட்டில் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டுத் தீர்ப்பாயம் சொல்லும் தொகையைக் கம்பெனி கட்டும். பத்து லட்சமானாலும் சரி, ஒரு கோடியானாலும் சரி.

பொருள் சேதத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. ரோட்டோரக் கடையின் ஷட்டர், இன்னொருவர் கார், மேலூர் ரோட்டில் குறுக்கே வந்த ஒருவருடைய மாடு என எல்லாம் சேர்த்து 7.5 லட்சம் வரை. இதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொண்டால் பிரீமியத்தில் சொற்பத் தொகை குறையும். விலை குறைத்துக் காட்ட இதைச் செய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். இன்று பல புதுக் கார்களின் ஹெட்லைட் ஒன்றுகூட 6,000 ரூபாய்க்கு வராது. பாலிசித் தாளில் 'டிபிபிடி' (தேர்டு பார்ட்டி பிராப்பர்ட்டி டேமேஜ், அதாவது பிறர் பொருள் சேதம்) என்ற வரியைத் தேடிப்பிடித்து, பக்கத்தில் 7,50,000 இருக்கிறதா என்று பாருங்கள்.

வெளியாரைப் பொறுத்தவரை ஃபுல் கவருக்கும் இதே வரம்புகள்தான். ஃபுல் கவர் என்று நாம் சொல்லும் பேக்கேஜ் பாலிசிக்குள் தேர்டு பார்ட்டி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. வித்தியாசம் காருக்கு உள்ளேதான்.

காருக்குள் இருப்பவர்கள்

குலதெய்வம் கோயிலுக்குப் போய்க் கிடா வெட்டிவிட்டு, இரவோடு இரவாக நான்குவழிச் சாலையில் மதுரை திரும்புகிறோம். கொட்டாம்பட்டி தாண்டி ஓட்டுகிறவர் ஒரு நொடி கண் அசந்து, கார் சென்டர் மீடியனில் ஏறிவிடுகிறது. வேறு வண்டி எதுவும் இதில் இல்லை, தவறு நம் பக்கம். பின் சீட்டில் அம்மா, மனைவி, சித்தப்பா. இவர்களுக்கு என்ன கிடைக்கும்?

தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தால், ஒன்றுமே கிடைக்காது. சொந்தக் காரில் கட்டணமில்லாமல் ஏறி வருகிறவர்களைக் கட்டாயப் பாலிசி மூன்றாம் நபராக எடுத்துக்கொள்வதில்லை. பேக்கேஜ் பாலிசி இருந்தால் அதே மூன்று பேரும் இழப்பீடு கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012இல் பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதிரில் வந்த லாரியின் தவறு என்றால் அந்த லாரியின் இன்சூரன்ஸ் பொறுப்பேற்கும். தவறு நம்முடையதாக இருக்கும்போதுதான் இந்தப் பள்ளம் தெரியும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இந்த இடம்தான். பம்பர் நசுங்கினால் பணம் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். பெற்ற தாய்க்கு அடிபட்டால் வராது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கட்டாயப் பாலிசி மட்டும் இருந்த ஒரு காரில் நடந்த உயிரிழப்பு வழக்கில்தான், 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் புது வண்டிகளுக்கு ஐந்து வருடத்துக்கு பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று உத்தரவிட்டது. வாங்குகிறவர்களுக்கு இந்த விவரங்கள் சொல்லப்படுவதில்லை என்ற வருத்தம் அந்த உத்தரவில் இருந்தது. அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நிலைமை பழையபடிதான்.

சரி, ஃபுல் கவர் போடக் கட்டுப்படியாகாது என்றால்? 'பெயர் குறிப்பிடாத பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு' என்று ஒன்று தேர்டு பார்ட்டியோடும் சேர்த்துப் போடலாம். பழைய கட்டண அட்டவணைக் கணக்கில் ஒரு சீட்டுக்கு 2 லட்சம் ரூபாய் காப்பீட்டுக்கு வருடம் 100 ரூபாய்; ஐந்து சீட்டுக்கு 500. ஏஜென்ட் தானாகச் சொல்லமாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள் அவருக்கான பொறுப்புக் காப்பீட்டையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதற்கு 50 ரூபாய்தான்.

அப்புறம் 15 லட்சம் ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது. உரிமையாளர்-ஓட்டுநருக்கான விபத்துக் காப்பீடு தேர்டு பார்ட்டி, ஃபுல் இரண்டிலும் உண்டு. வேறு எங்காவது 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துப் பாலிசி வைத்திருந்தால் மட்டும் விட்டுவிடலாம். இறந்தால் முழுத் தொகை, இரண்டு கை கால் போனால் முழுத் தொகை, ஒன்று போனால் பாதி. ஆஸ்பத்திரிச் செலவு இதில் வராது.

இதில் ஒரு சிக்கல், நம் வீடுகளில் அடிக்கடி வருவது. கார் அப்பா பெயரில் இருக்கும், ஓட்டுவது மகன். அந்த 15 லட்சம் ஆர்.சி.யில் பெயரும் கையில் செல்லுபடியாகும் லைசென்ஸும் உள்ள உரிமையாளருக்குத்தான். மகன் ஓட்டும்போது தன் தவறால் அவனுக்கே ஏதாவது ஆனால், அவன் மூன்றாம் நபரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. காரை வாங்கி ஓட்டுகிறவர் உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், அதனால் மூன்றாம் நபர் என்று இழப்பீடு கேட்க முடியாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஓட்டுகிற பிள்ளை பெயரில் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்துவிடுவதுதான் இதற்கு வழி.

நம் காருக்கு என்ன கிடைக்கும்?

பாலிசித் தாளைக் கையில் எடுங்கள். பிரீமியம் கணக்கு இரண்டு பத்தியாக இருக்கும். ஒரு பக்கம் 'ஓன் டேமேஜ்' (நம் காரின் சேதம்), இன்னொரு பக்கம் 'லயபிலிட்டி' (பிறருக்கான பொறுப்பு). தேர்டு பார்ட்டி மட்டும் போட்டவர்களுக்கு ஓன் டேமேஜ் பக்கம் சைபராக இருக்கும், அல்லது அந்தப் பத்தியே இருக்காது. மோதல், தீ, திருட்டு, வெள்ளம், மரம் விழுவது எல்லாம் அந்தப் பத்திக்குள்தான் இருக்கின்றன. பத்தி காலி என்றால் இத்தனையும் காலி.

ஃபுல்லுக்கும் பம்பர் டு பம்பருக்கும் உள்ள வித்தியாசம் பில் வரும்போதுதான் புரியும். ஆரப்பாளையம் பக்கம் முன்னால் போன மினி லாரி சட்டென்று பிரேக் அடிக்க, நாம் போய் இடித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று வருடம் தாண்டி நான்கு முடியாத கார். முன் பம்பர் 12,000, பானெட் 10,000, முன் கண்ணாடி 6,000, பெயிண்டிங் 8,000, டிங்கரிங் கூலி 4,000. ஜிஎஸ்டி சேர்க்காமல் எஸ்டிமேட் 40,000.

தேர்டு பார்ட்டி என்றால் 40,000மும் நம் பாக்கெட்டிலிருந்து.

ஃபுல் கவர் என்றால் தேய்மானம் கழிப்பார்கள். பிளாஸ்டிக் பம்பருக்குப் பாதிதான், 6,000. இந்த வயதுக் காரின் இரும்புப் பாகத்துக்கு 25 சதவீதம் கழியும், பானெட்டுக்கு 7,500. கண்ணாடிக்குக் கழிவு இல்லை, 6,000. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், ஆக 7,000. கூலி முழுசாக 4,000. மொத்தம் 30,500. இதிலிருந்து கட்டாயப் பிடித்தம் 1,000 (1,500 சிசிக்கு மேல் 2,000). கைக்கு வருவது 29,500. நாம் போடுவது 10,500.

பம்பர் டு பம்பர், அதாவது ஜீரோ டெப், என்றால் அந்தத் தேய்மானக் கழிவு கிடையாது. நாம் போடுவது 1,000 ரூபாய் மட்டும்.

பெயரைப் பார்த்து, பம்பரிலிருந்து பம்பர் வரை எல்லாம் அடக்கம் என்று நம்பிவிடக் கூடாது. 2024 அக்டோபர் மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்த் தெருக்களில் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். அப்படி நின்ற கார்களுக்குத் தேர்டு பார்ட்டியில் ஒரு பைசா வராது. ஃபுல் கவரில் சீட், கார்ப்பெட், ஒயரிங் வரை வரும். ஆனால் தண்ணீருக்குள் நின்ற காரை ஸ்டார்ட் பண்ணி, இஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி ஜாம் ஆனால், அதைப் பின்விளைவு என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள், ஜீரோ டெப் இருந்தாலும் சரி. 'இஞ்சின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் தனியாக இருந்தால்தான் அது வரும். தண்ணீர் தேங்கும் பகுதியில் இருப்பவர்கள் ஜீரோ டெப்பைவிட இதை முதலில் பார்க்கலாம். எது இருந்தாலும், இல்லாவிட்டாலும், தண்ணீரில் நின்ற காரின் சாவியைத் திருப்பாதீர்கள். கட்டி இழுத்து ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.

எந்தப் பாலிசியும் கைவிடும் இடங்கள்

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியது, குடித்துவிட்டு ஓட்டியது, ஒயிட் போர்டு காரை வாடகைக்கு விட்டது. இந்த மூன்றிலும் ஓன் டேமேஜ் கிளெய்ம் நிற்காது. அடிபட்ட வெளியாருக்குப் பல நேரம் கம்பெனியை முதலில் கட்டச் சொல்லி, அந்தப் பணத்தை உரிமையாளரிடம் வசூலிக்கத் தீர்ப்பாயம் அனுமதிக்கும். தெரிந்தவருக்குத் திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று சொந்தக் காரைக் காசுக்கு அனுப்புகிறவர்கள் ஊரில் நிறைய. ஒரு ட்ரிப்பில் கிடைக்கும் சில ஆயிரத்துக்காக இத்தனை பெரிய கடனைத் தலையில் ஏற்றிக்கொள்கிறோம் என்பதை யோசிக்க வேண்டும்.

தேய்ந்த டயர், பழுதான கிளட்ச், தானாக நின்றுபோன இஞ்சின் போன்றவை எந்தப் பாலிசியிலும் வராது. இவை விபத்து இல்லை.

எந்தக் காருக்கு எது?

ஐந்து வருடத்துக்குள் உள்ள காருக்கு ஜீரோ டெப்போடு ஃபுல் கவர் போடுவேன். லோனில் இருக்கும் கார் என்றால் பேங்க்கே ஃபுல் கவரைக் கேட்கும். ஐந்து முதல் பத்து வருடம் வரை சாதா ஃபுல் கவர் போதும். அந்த வயதில் இரும்புப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிந்தாலும், திருட்டுக்கும் காருக்குள் இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு நிற்கிறது. இந்தக் கட்டத்தில் ஐடிவி என்ற காரின் மதிப்பைப் பேசித்தான் முடிவு செய்வார்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று அதை ரொம்பவும் குறைக்க விடாதீர்கள். கார் திருடுபோனால் அந்தத் தொகைதான் கிடைக்கும்.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் லாபமில்லை. கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்தாம் வருடம் 50 சதவீதம் வரை போனஸ் கழிவு ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அது சைபருக்கு வந்துவிடும். 3,000 ரூபாய் வேலைக்கு அதை இழக்க வேண்டாம். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் அந்தப் போனஸ் போய்விடும்.

பத்து வருடம் தாண்டி, விற்றால் ஒன்றரை லட்சம்கூடத் தேறாத காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போடுவதில் தவறில்லை. ஆனால் 7.5 லட்சப் பொருள் சேத வரம்பு, உரிமையாளர் 15 லட்சம், சீட்டுக்கு 2 லட்சம் மூன்றும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். மொத்தமும் கூடுதலாக ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்குள் அடங்கிவிடும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் கையில் வாங்கிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸைத் தங்கள் பெயருக்கு மாற்றக் கடிதம் கொடுத்துவிடுங்கள். கார் கைமாறும்போது தேர்டு பார்ட்டி மட்டும் சட்டப்படி கூடவே வரும். ஓன் டேமேஜ் வராது. பெயர் மாற்றாமல் ஓட்டி இடித்துவிட்டுக் கிளெய்ம் போட்டால் "பாலிசியில் உள்ளவர் நீங்கள் இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். விற்றவருடைய போனஸும் உங்களுக்கு வராது, அது அவருடைய அடுத்த காருக்குப் போகும்.