ஏ.சி.எல். ஜவ்வுக்கு எந்த நாண்?

தூத்தூர் பக்கம் பந்து விளையாடி ஏ.சி.எல். (முழங்காலுக்குள் இருக்கும் ஜவ்வு) கிழிந்து, அதற்குப் பதிலாகத் தன் காலிலிருந்தே ஒரு நாணை எடுத்து வைக்கும் ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முன்னால் முக்கியமாக இரண்டு வழி. தொடைக்குப் பின்னாலுள்ள தசைநாணை மடித்து வைத்தால் வலி குறைவு. ஆனால் தடிமன் ஆளுக்கு ஆள் மாறும். ஒல்லியான, குள்ளமானவருக்கு நாலாக மடித்தாலும் 7 மி.மீ.தான் வரலாம். 8-க்குக் கீழே போனால் மறுபடி கிழியும் அபாயம் கூடும். அதனால் ஐந்தாறாகவும் மடிப்பார்கள். அதற்காக எவ்வளவு தடிமனோ அவ்வளவு நல்லது என்றில்லை: தொடை எலும்பின் பள்ளத்தில் இடம் போதாமல் உரசினால், காலை முழுசாக நீட்ட முடியாது.

முட்டிச்சில்லுக்குக் கீழுள்ள நாணை வழக்கமாக 10 மி.மீ. அகலத்தில், இரு முனையிலும் எலும்புத் துண்டோடு எடுப்பார்கள், சீக்கிரம் ஒட்டும். அளவுச் சந்தேகம் குறைவுதான், ஆனால் முழங்காலிட்டால் வலிக்கலாம். குருசடியில் முழங்காலிட்டு ஜெபிப்பவர் இதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விளையாட்டுக்குத் திரும்பத் துடிக்கும் பையனுக்கு, தொடை நாண் மெலிசாக இருந்தால், நான் இந்த முட்டி நாணைத்தான் சொல்வேன்.