ஐஸ் தொழிற்சாலை அலாரத்தில் அடா மொழி: பாவனை அனுபவம்

திருகோணமலை கொட்பேப் பக்கம் ஓர் ஐஸ் தொழிற்சாலைக்கு அமோனியா கசிவு அலாரம் செய்து கொடுத்து, சில வருடங்களாக நானே பராமரித்தும் வருகிறேன். அமோனியாவில் 300 பிபிஎம் (காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) என்பது உடனடி உயிராபத்து என்று வகுக்கப்பட்ட அளவு. வால்வை மூடி கொம்பிரசரை நிறுத்தும் முடிவு எஸ்டிஎம்32 என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டில், அடா என்ற புரோகிராம் மொழியில். திரையும் எஸ்எம்எஸ்ஸும் தனியாக இஎஸ்பி32 என்ற இன்னொரு போர்டில், மைக்ரோபைத்தனில் (சிறு சிப்களுக்கான பைத்தன்).

சென்சர் 4 முதல் 20 மில்லி அம்பியர் தரும். 4 என்றால் பூச்சியம், 20 என்றால் 1000 பிபிஎம். இங்கத்தைய உப்புக்காற்றுக்குக் கனெக்டரில் பச்சைக் களிம்பு ஏறி வயர் விட்டுப்போவது சாதாரணம். விட்டால் கரண்ட் இல்லை, கணக்கில் வருவது மைனஸ் 250. முன்பிருந்த பெட்டியில் சி மொழியில் எழுதிய புரோகிராம், அலாரம் அளவான 25 பிபிஎம்மை விடக் குறைவுதானே என்று பச்சை லைட்டைப் போட்டுக்கொண்டிருந்தது! அடாவில் அளவின் வகையையே 0 முதல் 1000 வரை என்று அறிவிக்கலாம். மைனஸ் வந்த கணமே பிழை எழும்பும், பிழையைக் கடைசியாகப் பிடிக்கும் பகுதியான ஹேண்ட்லர் ரிலேயை (மின் சுவிட்சை) விடும், பிளான்ட் நிற்கும். மாரியில் அப்படி நின்றபோது முதலாளி ஏசினார். கனெக்டரைக் கழற்றிக் காட்டினேன். நல்ல சென்சரும் சில வேளை 3.9 காட்டும் என்பதால் 3.8 வரை இறங்கினாலும் பூச்சியமாக எடுக்கிறேன். சியிலும் இதையெல்லாம் எழுதலாம்தான். எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை, அவ்வளவே.

ஆனால் அடா என்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றில்லை. 1996இல் வெடித்த ஏரியான் 5 ரொக்கெட்டின் வழிகாட்டிக் கருவியும் அடாதான். 64 பிட் எண் 16 பிட்டில் அடங்காமல் பிழை எழும்ப, கருவி தன்னை நிறுத்திக்கொண்டது. ஐஸ் பிளான்ட் நின்றால் ஐஸ் உருகும். பறக்கிற ரொக்கெட்டுக்கு நிற்பது பாதுகாப்பு அல்ல. பிழை வந்தால் என்ன செய்வது என்பதை மொழி சொல்லித் தராது.

மைக்ரோபைத்தன் பற்றிக் குறையில்லை. போன் நம்பர் மாற்ற ஐந்து நிமிடம் போதும். நினைவகத்தைத் துப்புரவாக்க நினைத்த நேரத்தில் கொஞ்சம் நிற்கும், அதனால் ரிலேப் பக்கம் விடுவதில்லை.

பெரிய தலையிடி ஆள்தான். கம்பஸ் முடித்து வருகிற பெடியளுக்கு ஆடுயினோவும் பைத்தனும் தெரியும், அடா கேள்விப்பட்டதேயில்லை. சென்சர் டிரைவர்களும் அநேகம் சியில்தான். ரஸ்ட் என்ற இன்னொரு மொழியையும் பார்த்தேன், 2023இல் அதன் ஃபெரோசீன் கொம்பைலருக்குப் பாதுகாப்புச் சான்று கிடைத்தது. எண்ணின் வரம்பை வகையிலேயே எழுத அதில் நேரடி வழியில்லை. அடுத்த பெட்டியும் அடாவில்தான்.