கூகுள் ஸ்காலர்: தொடரியல் ஆய்வுக்கு எவ்வளவு உதவும்?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எங்களைப் போன்ற தொடரியல் (வாக்கிய அமைப்பு) ஆய்வு மாணவர்களுக்கு, 2004-இல் தொடங்கிய, ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் கட்டணமின்றிக் கிடைப்பதே பெரிய வசதி. நூல்தேடலுக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். மொழியியலாளர் கே. ஏ. ஜெயசீலன் 2001-இல் ஸ்டுடியா லிங்குயிஸ்டிகா இதழில் எழுதிய கட்டுரையைத் தேடி, அதன் கீழுள்ள மேற்கோள் எண்ணைச் சொடுக்கினால், அதை எடுத்தாண்ட ஆய்வுகள் வரிசையாக விரிகின்றன. மலையாளத்தில் ‘நின்னெ ஆரு அடிச்சு’ (உன்னை யார் அடித்தார்) என்பதுபோல் வினாச்சொல் வினையை ஒட்டி முன்னால் நிற்பதை வைத்து, வினைத்தொடருக்கு (வினையும் அதைச் சார்ந்த சொற்களும் சேர்ந்த பகுதிக்கு) மேலே அழுத்தம் பெறும் சொல்லுக்கென ஓர் இடம் உண்டென்று அவர் வாதிட்டது, வேற்று மொழி ஆய்வுகளிலும் பேசப்படுவதை அங்கே காணலாம். ஆனால் உடன்பட்டவரும் மறுத்தவரும் ஒரே எண்ணில் அடங்கிவிடுவர். மேற்கோள் எண்களைக் கொண்டு ஆய்வாளரை அளக்க 2005-இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் முன்வைத்த எச் குறியீடும் அவர்களைப் பிரிப்பதில்லை. சிறிய துறையான தொடரியலில் (மருத்துவத்தின் அருகே வைத்தால் எண் இளைத்தே தெரியும்) இதை மட்டும் கொண்டு ஆளை எடைபோடுவது முறையன்று.