காஷ்மீர் பேக்கேஜ்: முழுப் பணம் கட்டிய பிறகும் மூன்றாம் நாள் வண்டி ஏன் நிற்கிறது?

பஹல்காமில் காலை ஒன்பது மணி. பெட்டிகளை வண்டி மேல் ஏற்றிக் கயிறும் கட்டியாயிற்று. டிரைவர் மட்டும் ஏறாமல் போனைப் பிடித்தபடி நிற்கிறார். "பேமென்ட் நஹி ஆயா, சாப்." ஊரில் பேக்கேஜ் விற்றவரைக் கூப்பிட்டால் மணி அடிக்கிறது, எடுக்க ஆளில்லை. நேற்றிரவு தங்கிய அறைக்கும் பணம் வரவில்லை என்கிறார்கள் ஓட்டல் ரிசப்ஷனில். குடும்பமோ கிளம்புவதற்கு இருபது நாள் முன்பே கடைசி ரூபாய் வரை கட்டிவிட்டது.

காஷ்மீர் போய் வந்தவர்களின் புகார்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான். இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுத்துவிடலாம்.

தலைக்கு 22,000 வீதம் ஆறு பேருக்கு 1,32,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை வாங்கும் நம்மூர் ஏஜென்டுக்கு ஸ்ரீநகரில் பெரும்பாலும் வண்டியும் கிடையாது, அறையும் கிடையாது. அங்குள்ள ஓர் ஆபரேட்டரிடம் 'லேண்ட் பேக்கேஜ்' (விமானம் நீங்கலாக அறை, வண்டி எல்லாம்) வாங்கி, தன் லாபத்தைச் சேர்த்து விற்கிறார். அந்த ஆபரேட்டர் அறைகளை ஓட்டல்களிடமும் வண்டியை வேறொரு ஓனரிடமும் எடுக்கிறார். ஆக, உங்கள் பணம் மூன்று நான்கு கை மாறித்தான் போய்ச் சேர வேண்டும். கெட்ட ஏஜென்ட், ஆபரேட்டருக்கு அட்வான்ஸாகக் கொஞ்சம் அனுப்பி புக்கிங்கைப் பிடித்து வைத்துக்கொள்வார். மீதியை அடுத்த மாதம் போகும் குடும்பத்தின் பணத்தில் அனுப்பிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. புது புக்கிங் வரும்வரை சக்கரம் ஓடும். ஒரு மாதம் வியாபாரம் படுத்தால் நின்றுவிடும். அன்றைக்கு யார் பஹல்காமில் இருக்கிறார்களோ அவர்கள் தலையில்தான் விடியும். அந்த டிரைவரைத் திட்டாதீர்கள். கைக்காசில் டீசல் போட்டு மூன்று நாள் ஓட்டியவர் அவர். அவருக்கும் இதே ஆளிடமிருந்துதான் பாக்கி.

ஏஜென்ட் யார் என்பதை முதலில் அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணில் பாருங்கள். ரிவ்யூக்களைக் காசு கொடுத்து எழுத வைக்கலாம், இந்த எண்ணை அப்படி வளைக்க முடியாது. மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம்: தமிழ்நாடு 33, ஜம்மு காஷ்மீர் 01. அடுத்த பத்து இடங்களும் பான் எண். அந்த பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜி.எஸ்.டி. எண்ணில் ஆறாவது, தனிநபருக்கு 'பி', பங்குதாரர் நிறுவனத்துக்கு 'எஃப்', கம்பெனிக்கு 'சி'. கொட்டேஷன் தலைப்பில் 'பிரைவேட் லிமிடெட்' என்று போட்டுவிட்டு எண்ணில் 'பி' இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தின் 'சர்ச் டாக்ஸ்பேயர்' பகுதியில் லாகின் இல்லாமலே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். சட்டப்படியான பெயர், பதிவான தேதி, பதிவு உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். 'பன்னிரண்டு வருட அனுபவம்' என்பவரின் பதிவு போன ஆண்டுதான் ஆரம்பித்திருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் உள்ள சின்ன ஏஜென்டுக்கு எண் இல்லாமல் இருக்கலாம், அது தப்பில்லை. ஆனால் எண் இல்லாதவர் பில்லில் ஜி.எஸ்.டி. சேர்த்து வாங்கக் கூடாது.

அடுத்தது, பணம் போகும் கணக்கு. க்யூ.ஆர். ஸ்கேன் செய்ததும் திரையில் வரும் பெயர், பில்லில் உள்ள பெயராகவே இருக்க வேண்டும். 'கம்பெனி அக்கவுன்டில் லிமிட் முடிந்துவிட்டது, தம்பி நம்பருக்குப் போடுங்கள்' என்று வந்தால் அந்த ஆளிடம் புக் செய்யாதீர்கள்.

மொத்தத் தொகையையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள். புக்கிங்கின்போது கால் பங்கு, ஓட்டல் வவுச்சர்கள் (அறை பதிவான சீட்டுகள்) கைக்கு வந்து சரிபார்த்த பிறகு பாதி, மீதிக் கால் பங்கு ஸ்ரீநகரில் முதல் அறையின் சாவியை வாங்கிய பிறகு. பல ஆபரேட்டர்கள் இதற்கு ஒத்துக்கொள்வார்கள். உச்ச சீசனில் ஓட்டல் முன்பணம் கேட்கும் என்று ஏஜென்ட் சொல்வது நியாயம்தான். அப்படியானால் அந்தத் தொகையை ஓட்டலுக்கே நேராக அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதற்கு வரும் பதிலிலேயே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

வவுச்சரைச் சரிபார்ப்பது இப்படி: ஓட்டலின் எண்ணை ஏஜென்டிடம் வாங்காமல் மேப்பில் நீங்களே தேடி எடுங்கள். கூப்பிட்டு மூன்று கேள்வி. எங்கள் பெயரில் எந்தத் தேதிக்கு எத்தனை அறை? சாப்பாடு எந்தப் பிளான்? பணம் வந்துவிட்டதா, இல்லை 'ஹோல்ட்' மட்டும்தானா? மூன்றாவது கேள்விதான் உயிர். 'ஹோல்ட்' என்றால் அறை உங்களுக்கு இன்னும் சொந்தமில்லை, வேறு யாராவது பணம் கட்டினால் அவர்களுக்குப் போய்விடும். வவுச்சர் வந்த அன்று ஒருமுறை, கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது இன்னொருமுறை கேளுங்கள். பிளானில் 'சி.பி.' என்றால் காலை உணவு மட்டும், 'எம்.ஏ.பி.' என்றால் காலையும் இரவும்.

கொட்டேஷனில் ஓட்டல் பெயருக்குப் பக்கத்தில் 'ஆர் சிமிலர்', அதாவது 'அல்லது இதுபோன்ற ஒன்று' என்று பொடி எழுத்தில் இருக்கும். இதை வைத்துத்தான் ஊருக்குள் இருக்கும் ஓட்டலைக் காட்டிவிட்டு, ஊருக்குப் பல கிலோமீட்டர் முன்னால் சாலையோரத்தில் இறக்கிவிடுகிறார்கள். மாற்று ஓட்டல்களின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ஹவுஸ்போட்டிலும் இதே கதைதான். 'டீலக்ஸ்' என்று யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். சுற்றுலாத் துறை தரும் வகைப்பாடு தனி. டீலக்ஸ், ஏ, பி, சி, டி என்று அது இறங்கும். பதிவு எண்ணும் வகையும் கேளுங்கள். தால் ஏரியில் கரையிலிருந்து போட்டுக்குப் போகவர ஷிகாரா என்ற சிறு படகு வேண்டும். அது எத்தனை தடவைக்கு இலவசம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வண்டி. 'முழுப் பயணத்துக்கும் தனி வண்டி, எல்லா இடமும் அடக்கம்' என்ற ஒரு வரியில் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. ஸ்ரீநகரிலிருந்து வரும் வண்டி பஹல்காமில் ஸ்டாண்டோடும் ஓட்டல் வாசலோடும் நின்றுவிடும். ஆரு, பேதாப் பள்ளத்தாக்கு, சந்தன்வாரி மூன்றுக்கும் உள்ளூர் யூனியன் வண்டிதான் போக முடியும், அதற்குத் தனிக் காசு. கட்டணப் பலகை டாக்ஸி ஸ்டாண்டிலேயே இருக்கும். சோனாமர்க்கிலும் அப்படியே, தாஜிவாஸ் பனிப்பாறைக்கும், ஜோஜி லா கணவாய் தாண்டி ஜீரோ பாயின்டுக்கும் அங்கே உள்ளூர் வண்டியோ குதிரையோ எடுக்க வேண்டும். இதெல்லாம் உள்ளூர்க்காரர்களின் பிழைப்புக்கான ஏற்பாடு, அதைக் குறை சொல்வதற்கில்லை. இதை மறைத்து விற்பவர்தான் ஏமாற்றுகிறார். கொட்டேஷன் வாங்கும்போதே 'யூனியன் வண்டிக் கட்டணம் சேர்த்தா, சேர்க்காமலா' என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு பேர் குடும்பத்துக்கு இந்த ஒரு பதிலில் பல ஆயிரம் ரூபாய் மாறும்.

குதிரையில் ஏறும் முன், எந்த இடம் வரை, போகவர எவ்வளவு, குதிரைக்கா ஆளுக்கா, எத்தனை மணி நேரம் என்று நான்கையும் பேசிவிடுங்கள். 'ஏழு பாயின்ட்' என்பார்கள். பாதி வழியில் நின்று, மேலே போக வேறு ரேட் என்பார்கள். தாஜிவாஸ் நல்ல கால் உள்ளவர்கள் நடந்தே போய்வரக்கூடிய தூரம்தான்.

குல்மர்க் கோண்டோலா, அதாவது கேபிள் கார் விஷயத்தில் நடப்பது இன்னும் மோசம். முதல் கட்டம் குல்மர்க்கிலிருந்து கோங்டூரி வரை, இரண்டாம் கட்டம் அங்கிருந்து சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அஃபர்வட் வரை. இரண்டுக்கும் தனித்தனி டிக்கெட். அரசின் கேபிள் கார் கார்ப்பரேஷன் தன் இணையதளத்தில் பெயர், தேதி போட்டு விற்கிறது. வாசலில் அடையாள அட்டை பார்ப்பார்கள். 'கோண்டோலா அடக்கம்' என்ற பேக்கேஜ்களில் பெரும்பாலும் முதல் கட்டம் மட்டுமே இருக்கும். உச்ச சீசனில் இரண்டாம் கட்டம் வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். அன்று வாசலில் ஒருவர் பழைய டிக்கெட் பி.டி.எஃப்.பில் பெயரை மாற்றி இரட்டை விலைக்கு நீட்டுவார், வாசலில் ஸ்கேன் செய்தால் அது செல்லாது. டிக்கெட்டை நீங்களே உங்கள் கணக்கிலிருந்து எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. காற்று பலமாக அடித்தால் மேல் கட்டத்தை நிறுத்திவிடுவார்கள். திரும்பி வரும் பணம் கட்டிய கணக்குக்குத்தான் போகும். ஏஜென்ட் எடுத்திருந்தால் அது அவரோடு தங்கிவிடும்.

குல்மர்க் போகும் வழியில் டங்மர்க்கில் வண்டி நிற்கும். பூட்ஸும் ஓவர்கோட்டும் வாடகைக்கு எடுக்காவிட்டால் மேலே விடமாட்டார்கள் என்று பயமுறுத்துவார்கள். அப்படி விதி எதுவும் இல்லை. பனி இல்லாத மாதங்களில் சாதாரண ஷூவே போதும். கடும்பனியில் டங்மர்க்குக்கு மேல் சங்கிலி கட்டிய வண்டிதான் போக முடியும் என்பது மட்டும் உண்மை, அந்தக் கூடுதல் செலவைக் குளிர்காலப் பேக்கேஜில் முன்பே பேசிவிடுங்கள். மேலே பார்க்கிங்கில் இறங்கியதும், ஸ்டேஷன் ரொம்ப தூரம், கைடு கட்டாயம் என்று சூழ்ந்துகொள்வார்கள். நடக்கிற தூரம்தான். டிக்கெட் இருந்தால் கோண்டோலாவில் ஏறக் கைடு வேண்டியதில்லை. இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ உள்ள பெரியவர்களை அஃபர்வட் வரை ஏற்ற வேண்டாம். ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள், அங்கிருந்து ஒரே காலையில் அவ்வளவு உயரம்.

மாதத்தையும் விற்கிறார்கள். துலிப் தோட்டம் மார்ச் கடைசி வாக்கில் திறந்து ஏறக்குறைய ஒரு மாதம்தான். மே மாதப் பேக்கேஜின் அட்டையில் துலிப் படம் இருந்தால் அது வெறும் படம். குங்குமப்பூ வயல் பூப்பது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் பாதி வரை. பஹல்காம் அருகே பைசரனில் பயணிகள் மீது தாக்குதல் நடந்த 2025 ஏப்ரல் 22-க்குப் பிறகு 48 சுற்றுலா இடங்கள் மூடப்பட்டு, படிப்படியாகத்தான் திறக்கப்பட்டன. அதற்கு முன் தயாரித்த பட்டியலையே இன்னும் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எது திறந்திருக்கிறது என்பதைப் புக்கிங்குக்கு முன் பாருங்கள். அரசு ஓர் இடத்தை மூடினாலோ, விமானம் ரத்தானாலோ பணம் திரும்ப வருமா, அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் 'கிரெடிட் நோட்' தானா என்பதையும் தேதி வாரியாக எழுதி வாங்குங்கள்.

விமான டிக்கெட்டை ஏஜென்ட் எடுத்தால், பி.என்.ஆர். எண்ணை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள், அவர் அனுப்பிய பி.டி.எஃப்.பை நம்பாதீர்கள். அன்று சரியாக இருந்த டிக்கெட்டைப் பிறகு ரத்து செய்து பணத்தை எடுத்துக்கொள்ளும் வேலையும் உண்டு. அதனால் புக்கிங்கில் உங்கள் மொபைலும் மின்னஞ்சலும் இருக்க வேண்டும், கிளம்பும் வாரம் மறுபடி பாருங்கள். டெல்லியில் மாறும் இரண்டு விமானமும் ஒரே பி.என்.ஆரில் இல்லாவிட்டால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் நஷ்டம் முழுக்க உங்களுடையது.

இதற்கெல்லாம் நடுவில் பலரும் மறப்பது சிம். வெளிமாநில பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டுதான் செய்யும். டிரைவரைக் கூப்பிட முடியாது, ஓ.டி.பி. வராது. வண்டி நிற்கும் அந்தக் காலையில் இதுதான் ஆளை முடக்கிவிடும். குடும்பத்தில் இரண்டு எண்ணையாவது இரண்டு வாரம் முன்பே போஸ்ட்பெய்டாக மாற்றிவிடுங்கள். கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

கடைகளைப் பற்றி ஒன்று மட்டும். டிரைவர் கூட்டிப்போகும் குங்குமப்பூக் கடையில் விலையில் அவருடைய கமிஷனும் உண்டு. ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூ வேண்டும், அதனால் 'கிராம் நூறு ரூபாய்' அசலாக இருக்க வழியில்லை. இரண்டு இழையை வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். அசல் மெல்லத்தான் மஞ்சள் விடும், இழை சிவப்பாகவே இருக்கும். போட்டதும் நீர் சிவந்து இழை வெளுத்தால் சாயம்.

இவ்வளவுக்குப் பிறகும் வண்டி நின்றுவிட்டால், டிரைவருடனோ ஓட்டலுடனோ சண்டை வேண்டாம். பணம் வரவில்லை என்பதை இருவரிடமும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதி வாங்குங்கள், அதுதான் பிறகு சாட்சி. ஆபரேட்டரிடம் நேரடியாகப் பேசி, மீதி நாட்களுக்கு மட்டும் நாளுக்கு நாள் கொடுங்கள், ஒவ்வொன்றுக்கும் ரசீது. ஸ்ரீநகரில் டூரிஸ்ட் ரிசப்ஷன் சென்டரில் சுற்றுலாத் துறை அலுவலகம் இருக்கிறது. அங்கத்திய ஆபரேட்டர்கள், ஹவுஸ்போட்டுகள், ஷிகாராக்கள் 1978-ஆம் ஆண்டு ஜம்மு காஷ்மீர் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டப்படி பதிவு பெற வேண்டியவர்கள், அவர்கள் மேல் அங்கே புகார் எடுபடும்.

ஏஜென்ட் என்ற ஆளே போலி, பணத்தோடு மறைந்துவிட்டார் என்றால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அந்தக் கணக்கில் இருக்கும்வரைதான் அதை முடக்க முடியும். ஆள் இருக்கிறார், சேவைதான் தரவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், காஷ்மீருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம். முதலில் வந்த கொட்டேஷன், பணம் கட்டிய ஸ்க்ரீன்ஷாட், டிரைவரும் ஓட்டலும் எழுதிய அந்த ஒரு வரி, இரண்டாம் முறை கட்டியதற்கான ரசீது ஆகிய நான்கையும் தேதி வரிசையில் அடுக்கி இணையுங்கள்.